துண்டு

ராசல் கைமாவில் ஜூலை மாதம்
ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்க்கும்.
அந்த இரவுகளில்தான் ஈரான் வரும்.
மற்ற நாளில் வராது.

மொட்டை மாடியில் தங்கச்சன் ஏறி
ஆன்டெனாவைத் திருப்புவார்.
"வந்நோ?"
படிக்கட்டில் நிற்கும் நூஹு காக்கா
அதை வாங்கி எனக்கு வீசுவான்.
"வந்துச்சா?"
"கால் வந்துடுச்சு. தலை வரல."
இந்த அஞ்சலோட்டத்தில் என் வேலை
டிவி முன்னால் உட்கார்ந்து உண்மை சொல்வது.

எனக்கு ஐந்து வயது.
நடுவில் கடல் இருப்பது தெரியும்,
வெள்ளிக்கிழமைகளில் அதில் கால் நனைத்திருக்கிறேன்.
ஆகவே அவர்கள் நீந்தித்தான் வருகிறார்கள்.
திரையெங்கும் பொரிபொரியாய் நடுங்குவது
உடம்பில் காய்ந்த உப்பு.
குரல் கரகரப்பது
வழியில் தண்ணீர் குடித்ததால்.
கோட்டுப் போட்ட ஒருவர்
மேசையில் கைவைத்து ஏதோ சொன்னார்,
பாவம், குளிரில் ஆடிக்கொண்டே.

குளியலறையிலிருந்து வாப்பாவின் துண்டை எடுத்துவந்து
டிவியின் தலையில் போர்த்தினேன்.
துவட்டிக்கொள்ளட்டும்.

கருகல் வாசம் உம்மாவுக்குத்தான் முதலில் எட்டியது.
சிமெண்ட் ஆலையிலிருந்து திரும்பிய வாப்பா
துண்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.
"ஏன் புள்ள?"
"ஈரமா வந்தாங்க."
அடிக்கவில்லை. நெடுநேரம் இருமினார்.
சிரிப்பை இருமலாக மாற்றும் வித்தை
அந்தத் தூசியில் அவருக்குக் கைவந்திருந்தது.

உள்ளூர் சேனலில் யாரும் நீந்த வேண்டியதில்லை.
பாங்கு நேரத்தில் படம் நிற்கும்,
எல்லோரும் தொழப் போயிருப்பார்கள்.
அரபு பேசும் இயந்திர மனிதன்
ஒளு செய்தால் துருப்பிடிக்காதா?
"அவன் மண்ணுல தயம்மும் செஞ்சுக்குவான்"
என்றான் நூஹு காக்கா,
எட்டு வயது மார்க்க மேதை.

பெரிய கண்டுபிடிப்பு மட்டும் என்னுடையது.
ஆணும் பெண்ணும் முகத்தருகே முகம் கொண்டுபோனால்
படம் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும்.
உடனே வேறு இடம்.
அடுக்களையில் நின்றவர்கள் காரில் இருப்பார்கள்,
உடுப்பு மாறியிருக்கும்.
ஒருமுறை அந்தப் பெண் மட்டும்
ரயிலில் அழுதுகொண்டிருந்தாள், ஆளைக் காணோம்.
முத்தம் ஒரு வாகனம்.
டிக்கெட் கிடையாது.
எங்கே இறக்கிவிடும் என்பதும் தெரியாது.
காக்காவிடம் சொன்னேன்.
யோசித்துப் பார்த்து,
"அதான் நம்ம வீட்டுல யாரும் பண்றதில்ல" என்றான்.

ஆலையில் குடும்ப விசாவை நிறுத்திவிட்டார்களாம்.
பெட்டிகளைத் தங்கச்சன்
மூன்று மாடி சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்.
ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டேன் என்று
நான் மட்டும் திரும்பி ஏறினேன்.
திறந்த கதவுக்குப் பின்னால் வாப்பா
உம்மாவின் நெற்றிக்குக் குனிகிறார்.
"வேணாம்" என்று நான் கத்துவதற்குள்

திருவனந்தபுரம். மழை.
அம்பாசடரின் பின்சீட்டில்
உம்மா மடியில் விழிக்கிறேன்.
கவுன் மாறியிருந்தது.
வாப்பா இல்லை.

நான் தூங்கிப்போனேனாம்,
ஷார்ஜாவில் விமானம் ஏறினோமாம்,
மேலே வாந்தி எடுத்ததால் கவுன் மாற்றினார்களாம்.
காக்கா இன்றுவரை சொல்கிறான்.
சொல்லட்டும்.

இரண்டு வருடம் கழித்து வாப்பா வந்தார்
பெரிய கலர் டிவியோடு.
தெருவே கூடி அட்டையைப் பிரிக்க
நான் போய்ப் பாயின் நடுவில் படுத்துக்கொண்டேன்.
இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் வாப்பா,
இரண்டு கையையும் அகல விரித்து.
நாற்பது நாள் லீவு.
ஒரு ராத்திரிகூட இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இருட்டில் வாப்பா
இருமிக்கொண்டே இருந்தார்.